பக்கம் கட்டுகிறேன்

லண்டனிலோ பெர்லினிலோ நியூயார்க்கிலோ வெளியாகும் ஓர் ஆராய்ச்சி இதழை எடுத்துப் புரட்டினால், அந்தப் பக்கங்கள் சென்னையிலோ புதுச்சேரியிலோ உருவானவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கட்டுரையை எழுதியவர் எந்த நாட்டுப் பேராசிரியராகவும் இருக்கலாம். அதை வரி வரியாகப் பிரித்து, சமன்பாடுகளை அதனதன் இடத்தில் நிறுத்தி, படத்துக்கும் அட்டவணைக்கும் இடம் ஒதுக்கிப் பக்கமாக்கி அனுப்புகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். 1999ல் நானும் அவர்களில் ஒருத்தியானேன். இன்றுவரை இதுதான் என் தொழில். இந்த வருமானத்தில்தான் வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிக்கவைத்தோம்.

வெளிநாட்டு வேலை இங்கே வருவதை அவுட்சோர்சிங் என்கிறோம். நமக்கு வேலை கொடுக்கும் ஏற்பாடு என்றே அதைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். எங்களைத் தேடி வந்த அதே வேலை, இன்னும் குறைந்த கூலிக்குச் செய்ய ஆள் கிடைத்ததும் அங்கே போனதையும், பிறகு ஆளே வேண்டாத மென்பொருளுக்குப் போனதையும் நான் உள்ளேயிருந்து பார்த்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் பலர் இன்று இந்தத் தொழிலில் இல்லை. நான் இருக்கிறேன். கணிதம் படித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் என்னிடம் கேட்பது, ‘இன்னும் எப்படிக்கா இதுல இருக்கீங்க?’ என்றுதான். அதற்கு என் பதில் இது.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பி.எஸ்சி. கணிதம் முடித்த வருடம் பி.எட். சேர வீட்டில் பணம் இல்லை. ‘கணிதப் பட்டதாரிகள் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். சைதாப்பேட்டையில் பெண்கள் விடுதி, சம்பளம் 2,800 ரூபாய், வாரம் மாறி வாரம் இரவு ஷிப்ட். அம்மாவிடம் யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறா’ என்பார்.

முதல் வேலை உண்மையிலேயே தட்டச்சுதான். ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். கணினி இரண்டையும் ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது என்று காட்டும். அந்த இடங்களை மட்டும் மூலத்தோடு பார்த்துத் திருத்துவார்கள். 20,000 எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்நாளைய ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருந்த நிபந்தனை.

கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. ‘நியூ’ என்ற கிரேக்க எழுத்து சாய்வாக அச்சாகும்போது ஆங்கில ‘வி’ போலவே தெரியும். இயற்பியலில் முன்னது அதிர்வெண், பின்னது திசைவேகம். இரண்டு பேருமே ‘வி’ என்று அடித்துவிட்டால் கணினிக்கு வேறுபாடே தெரியாது. பிழை அப்படியே அச்சுக்குப் போய்விடும். மூலப் பிரதியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இதைப் பிடிக்க முடியாது. அந்தச் சமன்பாடு எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்தால்தான் பிடிக்கலாம். பக்கத்தில் பிளாங்க் மாறிலி நின்றால், அதோடு பெருக்கப்படுவது அதிர்வெண்ணாகத்தான் இருக்கும். கல்லூரியில் துணைப்பாடமாகப் படித்த இயற்பியல் எனக்குச் சோறு போட ஆரம்பித்தது அங்கேதான். விரல் வேகத்தில் என்னைவிட மூன்று பேர் முன்னால் இருந்தார்கள். இந்த மாதிரி இடங்கள் மட்டும் என் மேசைக்கு வர ஆரம்பித்தன.

எங்கள் பிரிவில் மெய்ப்புப் பார்க்கப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர். ஆஃப்செட் அச்சு வந்து, எழுத்துப் பெட்டியான கேஸும் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கும் மூலைக்குப் போனபின் எங்களிடம் வந்து சேர்ந்தவர். திரையில் பார்ப்பதை நம்பமாட்டார். பிரிண்ட் எடுத்து, தாளைத் தலைகீழாகப் பிடித்து, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்ப்பார்.

“ஏன் சார் தலைகீழா?”

“நேரா புடிச்சா படிக்க ஆரம்பிச்சுடுவேம்மா. இப்படிப் புடிச்சாத்தான் வெள்ளை தெரியும்.”

வெள்ளை என்று அவர் சொன்னது எழுத்தில்லாத இடத்தை. சொற்களுக்கு நடுவே விழும் இடைவெளி அடுத்தடுத்த வரிகளில் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்துவிட்டால், பத்தியின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து இறங்கும். படிக்கிறவர் அதைக் கவனிக்கமாட்டார். ஆனால் கண் களைத்துப்போகும். பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தாலும் அவர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். அதைச் சரிசெய்ய எங்கேயோ முன்பக்கத்தில் ஒரு பத்தியை இறுக்க வேண்டும், அல்லது தளர்த்த வேண்டும். எந்தப் பத்தி தாங்கும் என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். எனக்கும் தெரிய வேண்டும் என்று ஆசை வந்தது. ஷிப்ட் முடிந்தபின்னும் அவர் நிராகரித்த தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு காரணம் தேடுவேன். தலைகீழாகப் பார்த்தால் எனக்கும் வெள்ளை தெரிய ஆரம்பித்தபோது இந்த வேலையை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்த வேலை எங்களிடம் வந்த வழியையும் அவர்தான் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு முன்னோர்கள் இருந்தார்கள். பிரிட்டனில் அச்சுக்கோப்பு என்பது பல ஆண்டுகள் தொழில் பழகி, சங்கத்தில் உறுப்பினராகி, அப்பாவுக்குப் பின் மகன் என்று செய்த வேலை. கணினி வந்ததும் அது சரிந்தது. 1986ல் லண்டன் வாப்பிங்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நாளிதழ்த் தொழிலாளர்கள் வேலை இழந்து, ஓராண்டுக்கு மேல் போராடித் தோற்றார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தன் சொந்த அச்சகத்தை 1989ல் மூடியது. பதிப்பகங்கள் வெளியில் வேலை கொடுக்கப் பழகியிருந்த அந்தக் காலத்தில்தான், 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. கூரியரில் போய்வந்த கோப்புகள் கம்பி வழியே போக ஆரம்பித்தன. ஆங்கிலமும் கணிதமும் தெரிந்த பட்டதாரிகள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள். அவ்வளவுதான் காரணம். எங்கள் திறமையைக் கண்டு வந்த வேலை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். விலையைக் கண்டு வந்த வேலை அது. இந்த உண்மையைச் சின்ன வயதிலேயே அந்தப் பெரியவர் வாயால் கேட்டது என் பாக்கியம்.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் டெக். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் டொனால்ட் கனூத் உருவாக்கியது. நிரலாக்கக் கலை பற்றி அவர் பல தொகுதிகளாக எழுதிவந்த பெருநூல் முதலில் ஈய எழுத்தில் அச்சானது. 1977ல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு மெய்ப்பு வந்தபோது தொழில்நுட்பம் மாறியிருந்தது; ஒளி அச்சுக்கோப்பில் வந்த அந்தப் பக்கங்கள் அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தன் புத்தகம் இந்தக் கோலத்தில் வெளிவருவதைவிட, பக்கம் கட்டும் மென்பொருளைத் தானே எழுதிவிடுவது என்று இறங்கினார். 1978ல் முதல் வடிவம் வந்தது. விரைவில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது. எழுத்துருக்களையும் தானே வரைந்தார். முடித்ததை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். தன் நூல்களில் பிழை கண்டு சொன்னவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். டெக்கின் ஒவ்வொரு திருத்தப் பதிப்பிலும் அதன் எண் ‘பை’யின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நகரும். இப்போது 3.141592653.

உலகம் மதிக்கும் ஓர் அறிஞர், ஒரு பக்கம் அழகாக இல்லை என்பதற்காக இத்தனை வருடங்களைக் கொடுத்தார். நான் செய்வது குமாஸ்தா வேலை அல்ல என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கதைதான்.

டெக் வரி பிரிக்கும் விதமே வேறு. சாதாரண மென்பொருள் முதல் வரியை நிரப்பும், மிச்சத்தை இரண்டாம் வரிக்குத் தள்ளும், அப்படியே போகும். பந்தியில் வந்தவர்களை வந்த வரிசையில் உட்காரவைத்துக்கொண்டே போனால் கடைசி வரிசையில் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981ல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் முதலில் பார்த்துவிட்டு எல்லா வரிக்கும் சேர்த்து நல்ல ஏற்பாட்டைத் தேடும். கடைசி வரியில் ஒரு சொல்லை மாற்றினால் முதல் வரி உடையும் இடம்கூட மாறலாம். பெரியவர் கண்ணால் பார்த்துச் செய்ததில் ஒரு பகுதியைக் கணிதமாக்கிவிட்டார்கள்.

ஒரு பகுதியைத்தான். மிச்சத்துக்கு எங்களைப் போன்றவர்கள் வேண்டும். கழித்தல் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ − ஆ’ என்று வரும்போது குறியின் இருபுறமும் சிறிது இடைவெளி வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. ‘−ஆ’ என்று மட்டும் வந்தால் இடைவெளி கூடாது. அது எதிர்ம எண். டெக்குக்கு இது தெரியும். குறிக்கு இடப்பக்கம் ஏதாவது இருந்தால் கழித்தல், இல்லாவிட்டால் எதிர்மம் என்று எடுத்துக்கொள்ளும். சரி, சமன்பாடு நீளமாகி, கழித்தல் குறியிலேயே அடுத்த வரிக்கு உடைக்க வேண்டியிருந்தால்? வரியின் தொடக்கத்தில் குறிக்கு இடப்பக்கம் காலி. பழைய முறையில் எழுதிய கோப்புகளில் டெக் அதை எதிர்மம் என்று எண்ணி, குறியை எழுத்தோடு ஒட்டிவிடும். அந்த இடத்தில் குறிக்கு முன்னால் இரண்டு வளைவு அடைப்புகளைப் போட்டு, உள்ளே எதுவும் வைக்காமல் விட வேண்டும். தாளில் ஒன்றும் தெரியாது. ஆனால் டெக்குக்கு இடப்பக்கம் ஏதோ இருப்பதாகக் கணக்கு. வேண்டிய இடைவெளி வந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். கணிதம் படிக்கிறவர் அந்தக் கால் நொடித் தடங்கலை உணர்வார். காரணம் என்னவென்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த வேலையில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்லத் தெரியவில்லை.

2000களின் நடுவில் காற்று மாறியது. பதிப்பகங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று தரும் விலையை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் குறைத்தன. சென்னை வாடகையும் சம்பளமும் கட்டுபடியாகாமல் நிறுவனங்கள் சிறு ஊர்களில் கிளை திறந்தன. சில வேலைகள் பிலிப்பைன்ஸுக்குப் போயின. 1998ல் வந்த எக்ஸ்எம்எல் இதற்குள் எல்லா இதழிலும் புகுந்திருந்தது: எது தலைப்பு, எது ஆசிரியர் பெயர், எது அடிக்குறிப்பு என்று கட்டுரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் அடையாளம் போட்டுவிட்டால், எளிய கட்டுரைகளை மென்பொருளே பக்கமாக்கிவிடும். ஒருவர் ஒரு நாள் முழுக்கச் செய்ததைக் கணினி சில நிமிடத்தில் துப்பியது. அதில் வெள்ளைக் கோடுகள் இருந்தன, தனி வரிகள் இருந்தன. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் கண்டுகொள்ளவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. நல்ல வேலை, கெட்ட வேலையை எப்போதும் ஜெயிக்கும் என்பதெல்லாம் இல்லை. அருமையான கைக்காரர்கள் சிலர் அந்த அலையில் போனார்கள். ஒருவர் இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறார். இன்னொருத்தி பள்ளியில் கணிதம் சொல்லித்தருகிறாள். பிரியம் மட்டும் யாருக்கும் வேலை உத்தரவாதம் தராது.

அப்படியானால் நான் எப்படித் தப்பினேன்? என் மேசைக்கு முந்திய மேசையிலும் பிந்திய மேசையிலும் என்ன நடக்கிறது என்று கற்றுக்கொண்டதால்தான். முந்திய மேசையில் பிரதி செம்மையாக்குகிறவர்கள். அவர்களோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டு, ஏன் இந்த இடத்தில் கமா, ஏன் இந்தப் பதிப்பகத்துக்கு இப்படி, அமெரிக்கனுக்கு எப்படி, பிரிட்டிஷ்காரனுக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டேயிருப்பேன். பிந்திய மேசையில் கிளாஸ் ஃபைல் எழுதுகிற இளைஞன் ஒருவன். ஓர் இதழின் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விதிகள் மொத்தமும் அந்தக் கோப்பில் இருக்கும்: தலைப்பு எத்தனை பாயிண்ட், படத்துக்கு மேலே எவ்வளவு இடம், தேற்றம் எந்த எழுத்தில், எண் எங்கே. நாங்கள் எல்லாரும் அவன் எழுதிய விதிக்குள் வேலை செய்தோம். ‘எனக்கும் சொல்லிக்குடுடா தம்பி’ என்று பின்னாலேயே நின்றேன். அவன் வேறு கம்பெனிக்குப் போனபோது அந்த நாற்காலி எனக்கு வந்தது.

வேலை சிறு ஊருக்குப் போனாலும் வேறு நாட்டுக்குப் போனாலும், அங்கே செய்கிறவர்களுக்கு விதி எழுதித்தர ஒருவர் வேண்டும். விதிக்குள் அடங்காத கட்டுரை வந்தால் கையால் எடுத்துச் செய்யவும் ஒருவர் வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன. சில வருடம் அது காப்பாற்றியது. பிறகு அந்தப் பிரிவையும் கலைத்தார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். அப்போது பிள்ளைகள் இருவரும் பள்ளியில். வீட்டுக் கடன் பாதி பாக்கி.

கைகொடுத்தது பழைய கேள்வி ஒன்று. கட்டுரையைப் பக்கமாக்கும்போது சந்தேகம் வந்தால் ஆசிரியருக்குக் கேள்வி எழுதி மெய்ப்போடு அனுப்புவோம். பெரும்பாலும் ‘இந்த மேற்கோளின் ஆண்டு விடுபட்டிருக்கிறது’ என்ற அளவில்தான் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கணிதக் கட்டுரையில், முன் சமன்பாட்டில் எதிர்மமாக இருந்த ஓர் உறுப்பு, மூன்று சமன்பாடு தள்ளி நேர்மமாக வந்தது. நடுவில் அதை மாற்றும் படி எதுவும் இல்லை. ‘குறி மாறியிருப்பது சரியா?’ என்று கேட்டிருந்தேன். அந்தப் பேராசிரியை தன் கணக்கைத் திருத்தி அனுப்பியதோடு, கேட்டது யார் என்று விசாரித்து ஒரு வரி நன்றியும் எழுதினார். அவருக்கு என் பெயர் தெரிந்தது அப்படித்தான். நான் வேலை இழந்த பிறகு அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு பாடநூல் எழுதி முடித்துவிட்டு, பக்கம் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் முதல் சொந்த வேலை அந்த நூல். அவர் சொல்லி இன்னும் இருவர் வந்தார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு பெரிய திரை, ஒரு பிரிண்டர். இன்னமும் தாளை எடுத்துத் தலைகீழாகத்தான் பார்க்கிறேன்.

இப்போது என் நேரத்தில் நிறையப் பங்கை எடுத்துக்கொள்வது, நான் சேர்ந்த காலத்தில் இல்லாத ஒரு வேலை. பார்வையற்ற மாணவர்கள் கணினியை வாசிக்கவைத்துப் படிக்கிறார்கள். உரையை அது வாசிக்கும். சமன்பாட்டைப் படமாக ஒட்டியிருந்தால் ‘படம்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடும். கணிதம் படிக்கிற பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? சமன்பாட்டை மேத்எம்எல் என்ற மொழியில் முறையாக எழுதினால்தான், எது தொகுதி, எது பகுதி, வர்க்கமூலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினி வாய்விட்டுச் சொல்ல முடியும். படங்களுக்கும் சொல்லில் விளக்கம் எழுத வேண்டும். ஒரு வரைபடத்துக்கு ‘ஏறும் வளைகோடு’ என்று எழுதினால் போதாது. எங்கே வேகமாக ஏறுகிறது, எங்கே படுக்கிறது, இரண்டு கோடுகள் எந்த இடத்தில் வெட்டிக்கொள்கின்றன, எதைக் காட்ட ஆசிரியர் இந்தப் படத்தை வைத்தார் என்று புரிந்துகொண்டு எழுத வேண்டும். அணுகல் வசதி பற்றிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் பொருந்துகிறது. பதிப்பகங்கள் ஆள் தேடுகின்றன. இதிலும் மலிவாகச் செய்து தருகிறேன் என்று மென்பொருள்கள் வரிசையில் நிற்கின்றன; சிலவற்றை நானும் பயன்படுத்துகிறேன். அவை எழுதும் வரைவில் வரைபடத்தின் நிறம் வரும், அச்சுகளின் பெயர் வரும். கட்டுரையின் வாதம் பெரும்பாலும் வராது. அதை நான் எழுதுகிறேன்.

இன்னொரு பங்கு தமிழ்ப் புத்தகங்களுக்கு. பணத்தைப் பார்த்தால் இது குறைவு, பிடித்துத்தான் செய்கிறேன். தமிழில் பக்கம் கட்டுவது ஆங்கிலத்தைவிடக் கடினம். நம் சொற்கள் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம்’ என்று ஒரு சொல் வரியின் ஓரத்தில் வந்து நின்றால், உடைக்காமல் அடுத்த வரிக்குத் தள்ள வேண்டும், அல்லது சரியான இடத்தில் உடைக்க வேண்டும். தள்ளினால் மேல்வரியில் சொல்லுக்குச் சொல் விரல் நுழையும் அளவுக்கு வெள்ளை. உடைத்தாலோ, புள்ளி வைத்த மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ‘பார்த்து’ என்பதை ‘பார்த்’, ‘து’ என்று பிரிக்கலாம். ‘பார்’, ‘த்து’ என்று பிரித்தால் படிக்கிறவர் நா தடுக்கும். பழைய எழுத்துருக்களில் இன்னும் மோசம். ‘கொ’ என்ற எழுத்தைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக வைத்திருந்தார்கள். வரியின் முடிவில் அது வந்தால், கால் மட்டும் தனியாக அடுத்த வரியின் தலையில் போய் நிற்கும். 90களில் கணினியில் அச்சுக்கோத்த தமிழ் நூல்களைப் புரட்டினால் அப்படி அநாதையாக நிற்கும் கால்களை இன்றும் பார்க்கலாம். யூனிகோடு வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. வரி பிரிப்பதும் இடைவெளி பார்ப்பதும் ஒழியவில்லை. அதை வெளியூருக்கு அனுப்ப முடியாது. தமிழ் படிக்கத் தெரிந்து, படிக்கும்போது எங்கே தடுக்கும் என்று தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

இதிலும் ஒரு பழைய கதை உண்டு. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் வைத்தபோது தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். 1713ல் வந்து சேர்ந்தன. தமிழ் மூச்சே இல்லாத ஊரில், மாதிரி வரைபடத்தைப் பார்த்து வெட்டிய எழுத்துகள் அவை. அச்சடித்துப் பார்த்தால் மிகப் பெரிதாக இருந்தன. கிடைத்தற்கரிய காகிதத்தை விழுங்கின. பிறகு இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715ல் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் வெளிவந்தது. ஹாலேயின் கைவினைஞர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எந்த அளவு போதும் என்பது, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் தெரிந்தது.

வேலை ஊர்விட்டு ஊர் போவதை நானோ நீங்களோ நிறுத்த முடியாது. ‘இதை இப்படிச் செய்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடக்கூடிய எதுவும், அந்தத் தாளோடு கிளம்பிவிடும். அதனால் செய்முறைத் தாளைப் படிப்பதோடு நிற்காதீர்கள். அது ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது, எங்கே அது பொருந்தாமல் போகும் என்று பாருங்கள். இதைச் செய்ய வேலை பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத வேலையில் ஷிப்ட் முடிந்தபின் நிராகரித்த தாளை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? பிரியத்தை நான் வலியுறுத்துவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ படித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். டெக்கும், அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக்கும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். உங்கள் பாடக்குறிப்பின் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; சமன்பாடு நிறைய உள்ள பக்கமாக இருக்கட்டும். அதை அச்சிட்ட புத்தகம் போல அமைத்துப் பாருங்கள். வராது. ஏன் வரவில்லை என்று தேடுங்கள். அடுத்து உங்கள் ஆசிரியரின் வினாத்தாளை அமைத்துக் கொடுங்கள், சீனியரின் ஆய்வேட்டை அமைத்துக் கொடுங்கள். கூடவே எக்ஸ்எம்எல், மேத்எம்எல் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். தமிழ்ப் பிழைதிருத்தமும் கற்றுக்கொள்ளுங்கள். இந்த நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வம். நானே ஆள் தேடி அலைகிறேன். பிடித்துப்போனால் வாருங்கள், வேலை இருக்கிறது.